சட்டைப் பையில் கிராம்பு

என்னங்க,

ஃபேக்டரி பஸ் வந்துருச்சு, கிளம்புறேன். சோத்தைக் கஞ்சியாக் குழைச்சு வச்சிருக்கேன், மெல்ல வேணாம். பத்து மணிக்கு என் தம்பி திவாகரன் காரோட வருவான். அவன்கூட கோலசிலாங்கூர் பல் கிளினிக்குக்குப் போங்க. அங்கயாவது வாயைத் திறங்க.

நேத்து ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு: "இப்படி எலும்பை அரிக்கிற ரத்தப் புற்றுநோய்க்காரங்களுக்கு எலும்பு மருந்து ஏத்துறதுக்கு முன்னால பல்லைக் காட்டிடணும், ஆண்ட்டி. ஏத்தின பிறகு பல்லைப் புடுங்கினா தாடை எலும்பு ஆறாமப் போயிடலாம்."

"அவருக்குப் பல்லுல ஒண்ணும் இல்லலா! ஏன் மருந்து ஏத்தாம திருப்பி அனுப்புறீங்க?"ன்னு வார்டே அதிரக் கத்தினேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஆமான்னு தலையாட்டினீங்க.

இன்னிக்குத் துவைக்க எடுத்த உங்க சட்டைப் பையில கிராம்பு. எத்தனை நாளா கடவாயில அடக்கிக்கிட்டு இருந்தீங்க? பல்லு வலிக்குதுன்னு சொல்ல நான் என்ன அந்நியமா?

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வைங்க.

நவமணி

கேஸ் தீந்துருச்சு. புது கேஸ் தோங்கை நீங்க தூக்காதீங்க, முதுகெலும்பு ஏற்கெனவே விரிசல். திவாகரன் தூக்குவான்.

இன்னொண்ணு. அடுத்த தடவை அந்த டாக்டர் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கப்போறது நான் இல்ல. நீங்க.