மீட்டரில் கூடிய எழுபது மணி நேரம்

மார்ச் 3, திங்கள்

வேலைக்குப் போனேன். ஐ.சி.யூ.வில் இரண்டு வென்டிலேட்டருக்கு சர்வீஸ். ஒன்றில் சென்சார் போயிருந்தது, மாற்றினேன். "சாப்டீங்களா சார்?" என்றார் நர்ஸ். என் மனைவி இறந்து நான்கு மாதமாக எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். "ம்" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாமனார் வீடு. டிசம்பரில் மாமாவுக்கு அட்டாக் வந்ததிலிருந்து வாராவாரம் போகிறேன். இதயத்தின் பம்பிங் முப்பது சதவீதம்தான். மதியம் சாப்பிட்டதும் சோபாவில் தூங்கிப்போனார். மூச்சு சின்னதாகத் தொடங்கி, பெரிதாகி, மறுபடி சிறுத்து, நின்றது. வாட்சைப் பார்த்தேன். இருபத்தெட்டு விநாடி. குறட்டை இல்லை. தொண்டை அடைக்கிற ரகம் இல்லை இது. மூச்சு விடு என்று மூளை சொல்லவே மறந்துவிடுகிற ரகம்.

அத்தையிடம் சொன்னேன். "ராத்திரியெல்லாம் நல்லாத்தான் தூங்குறாரு மாப்ள." முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க மாஸ்க் வழியே காற்றுத் தள்ளுகிற அவளுடைய மெஷின் அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. கொண்டுபோய் வைத்தவன் நான். எடுத்துப் பார்த்தேன். குழாயில் ஈரம். மீட்டரில் 1,482 மணி. அவள் போன அன்று 1,412.

எழுபது மணி நேரம் யார் மூச்சு விட்டது?

அத்தை அழுதுவிட்டார். "சும்மாதானே கெடக்கு... அவளுக்கும் மூச்சு நின்னுச்சு, இவருக்கும் நிக்குது..." பத்து நாளாக மாமாவுக்கு மாட்டிவிடுகிறாராம்.

இரண்டும் ஒன்றில்லை. அவள் இதயம் நன்றாகச் சுருங்கும், விரியத்தான் அடம்பிடிக்கும். அவளுக்கு வைத்திருந்த மோடில், மூச்சு குறையும்போதெல்லாம் மெஷினே தள்ளிக் கொடுக்கும். பம்பிங் இவ்வளவு குறைந்து, இந்த ரகத்தில் மூச்சு நிற்பவர்களுக்கு அது கூடாது. ஒரு பெரிய ஆய்வில், போடாதவர்களைவிடப் போட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை மெஷினிலும் எச்சரிக்கை லேபிள் ஒட்டியவன் நான். வீட்டில் இருந்த ஒன்றில் ஒட்டவில்லை.

"எடுத்துட்டுப் போறேன் மாமா. உங்க ஹார்ட்டுக்கு ஆகாது."

"அத மட்டும் தொடாதீங்க மாப்ள. அந்த மாஸ்க்ல அவ வாசன இருக்கு."

எடுக்கவில்லை. பவர் கேபிளை மட்டும் உருவி பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுதான்.

மார்ச் 10, திங்கள்

அத்தை போனில்: "கேபிள எங்க வெச்சீங்க? வீட்டையே தலகீழாப் பொரட்டிட்டாரு." என் பையில் என்றேன். சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

இதய டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். "நல்ல வேள, இப்பவாவது புடிச்சீங்க. மொதல்ல மாத்திரைய சரியான அளவுக்குக் கொண்டு வருவோம், கால் வீக்கம் எறங்கட்டும். ஹார்ட் தேறினா மூச்சும் தேறலாம். தூக்க டெஸ்ட் எடுக்கணும். மெஷின் வேணுமா, எதுன்னு அப்புறம் பாக்கலாம்."

மாமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 13

எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாமா பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார். அரை மணி கழித்து அத்தையைப் பார்த்து, "கேபிள் திருடர் வந்திருக்காரு. பொருளெல்லாம் பத்திரம்."

லேபிள் விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். டெஸ்டுக்கு வாருங்கள் என்றேன். "பொண்ணே போயிட்டா, எனக்கு எதுக்கு டெஸ்டு" என்றார்.

கத்திவிட்டேன். அவள் போனபோதுகூட நான் கத்தவில்லை. "அவளத் தூக்கிக் குடுத்தாச்சு, நீங்களும் போயிட்டா ஞாயித்துக்கெழம நான் எங்க போவேன்? எவன் வீட்டுக்குப் போவேன்?"

இதையா சொல்ல வந்தேன்? தெரியாது. வாயில் வந்தது அதுதான். அத்தை அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாமா பேப்பரை மடித்தார். "டெஸ்ட் என்னிக்கு?"

மார்ச் 22, சனி

ரிசல்ட். தூக்கத்தில் மணிக்கு முப்பத்து நான்கு தடவை மூச்சு நிற்கிறது. முக்கால்வாசி மூளை மறக்கிற ரகம். மாத்திரையை மாற்றிவிட்டார்கள். மெஷின் என்னிடம் வந்துவிட்டது. மாஸ்க் வரவில்லை, மாமா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாராம். குழாய் இல்லாத மாஸ்க் யாரையும் ஒன்றும் செய்யாது. கேட்கவில்லை.

ஏப்ரல் 20

கால் வீக்கம் இல்லை. "செருப்பு லூஸாயிடுச்சு, புதுசு வாங்கிக் குடுங்க" என்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாவது டெஸ்டில் மணிக்குப் பதினொன்று. பம்பிங் முப்பத்தெட்டு. இப்போதைக்கு மெஷின் வேண்டாம், மாத்திரையை விடக்கூடாது, பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர்.

இன்று மாமா என் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடி, நடுவில் ஒரு தடவைதான் நின்றார். உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். "பரவால்லயே மாப்ள. குடோன் மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

அவர் வருகிறார் என்று காலையில்தான் பெருக்கினேன். அவள் போனதிலிருந்து நான் தொடாத அவள் கொலுசுப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நகர்த்தி, அங்கேயும் பெருக்கினேன்.