இலை உதிர்க்கும் கூடம்

மார்ச் 2, காலை 7.00

நிலவின் தென்முனை ஆய்வுநிலையம். எழுதுவது அமலோற்பவம், தாவர ஆய்வாளர். அடுத்த குழு வரும்வரை இங்கே நான் ஒருத்திதான். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. கீரை அறை சரி.

புதிய தங்கும் கூடத்தில் இருக்கும் ஃபைக்கஸ் போன்சாய் இலை உதிர்க்கிறது. நான் கேட்டு வந்த மரம் அல்ல இது. குழு வந்திறங்கும் நேரலையில் பின்னால் பச்சையாக ஏதாவது தெரிய வேண்டும் என்று தரைநிலையம் அனுப்பிவைத்த அலங்காரம். ஆலமரத்தின் சொந்தம், ஒரு முழம்கூட உயரமில்லை. தகவல் அனுப்பியுள்ளேன்.

மார்ச் 4, காலை 7.20

தரைநிலையப் பொறுப்பாளர் இளவழுதியின் பதில்: “மேடம், தண்ணி ஜாஸ்தியா ஊத்தியிருப்பீங்க. கொஞ்சம் குறைச்சுக்கோங்க. நேரலைக்கு மரம் நல்லா இருக்கணும், அமைச்சர் பாக்குறாரு.”

விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன். மேல்மண் உலர்ந்திருக்கிறது, உள்ளே லேசான ஈரம். இருக்க வேண்டிய பதம். இலைகளின் அடிப்பக்கம் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செதில்பூச்சி இல்லை, சிலந்திப்பேன் இல்லை. விளக்கு வெளிச்சம் போதுமானது. பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை. மரம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனாலும் கொட்டுகிறது.

மார்ச் 7, பிற்பகல்

தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தேன். வெள்ளையாக, கெட்டியாக, அழுகல் நாற்றமே இல்லாமல். தண்ணீர் மிஞ்சினால் இலை மஞ்சளாகித்தான் விழும். இவை பச்சையாகவே விழுகின்றன. இதை விளக்கி எழுதினேன்.

இளவழுதி: “சரி மேடம், ரொம்ப மோசமானா பிளாஸ்டிக் இலை ஒட்டிக்கலாமா? கேமரால தெரியாது.”

இருபது வருடம் தாவரம் படித்தவளிடம் இதைக் கேட்கிறான். பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அழிக்காமல் அனுப்பியது முதலாவதைவிட மோசம்.

காலையிலிருந்து தலைவலி. மரத்தைக் கீரை அறைக்கு மாற்றிவிட்டேன். அந்த அறைக்குத் தனிக் காற்றோட்டம்.

மார்ச் 12, காலை

உதிர்வது நின்றுவிட்டது. கிளை நுனியில் ஊசி போல ஒரு மொட்டு. அதே மண், அதே தண்ணீர், அதே வெளிச்சம். மாறியது காற்று மட்டும்.

எனக்கும் கீரை அறையில் தலை வலிக்கவில்லை. கூடத்தில் தூங்கி எழுந்தால்தான் மண்டை பிளக்கிறது, எதைப் பார்த்தாலும் ஆத்திரம் வருகிறது.

கூடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கண்டறியும் உணரி இருக்கிறது. வந்த நாளிலிருந்து ஒரே எண்ணைக் காட்டுகிறது. ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, உணரியின் முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் துண்டைக் கருக்கினேன். புகை மூடியும் எண் அசையவில்லை. அது செத்துப்போன உணரி.

சுவரைத் தடவிப் பார்த்தேன். ஹீட்டர் பக்கம் ஒரு பலகை சுட்டது. கழற்றினால், மின்கம்பியின் உறை தீயே இல்லாமல் கருகிக்கொண்டிருக்கிறது. இந்தக் காற்றில் மரம் இலையைக் கொட்டும். மனிதர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். படத்தோடு அனுப்பினேன்.

மார்ச் 12, மாலை

இளவழுதி: “உணரி சான்றிதழ் வாங்கினது மேடம். நீங்க அதுகிட்ட புகை காட்டினதே விதிமீறல். உங்க பேச்சுல கோவம் ரொம்ப தெரியுது. டாக்டர்கிட்ட கொஞ்சம் பேசறீங்களா?”

கோபம் தெரிகிறதாம். கோபமே அந்த வாயுவின் வேலைதான் என்று எழுதினேன். எல்லாக் கோபமும் அல்ல என்றும் எழுதினேன்.

மார்ச் 13, காலை

ஹீட்டரை அணைத்தேன். தரையிலிருந்து இயக்கிவிட்டார்கள். மறுபடி அணைத்தேன். மறுபடி இயக்கினார்கள்.

இளவழுதி: “ஆளுங்க வர்றப்ப கூடம் கதகதப்பா இருக்கணும் மேடம். அட்டவணைய மாத்த எனக்கு அதிகாரம் இல்ல.”

கொல்வதற்கு அதிகாரம் இருக்கிறது.

கம்பியை வெட்டப் போனேன். கத்தரி படுவதற்குள் உறை பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டேன். மின்சாரத்தையும் துண்டித்துவிட்டேன். ஆனால் காற்றோட்ட விசிறிகளும் அதே கம்பியில்தான் ஓடின. அவை நின்றதும் புகை கீரை அறை வரை போய்விட்டது. இனி நிலையத்தில் சுவாசிக்கத் தகுந்த இடம் இல்லை. விண்வெளி உடை போட்டுக்கொண்டேன். கையுறையோடு எழுதுகிறேன், பிழை இருக்கும்.

மார்ச் 14

கப்பல் இறங்கிவிட்டது. மூன்று பேர். தலைவி தில்ஷாத், என்னிடம் பயிற்சி எடுத்தவள். உடையின் ரேடியோவில் பேசினாள்.

தில்ஷாத்: “அக்கா, உங்களுக்கு மனசு சரியில்லன்னு சொன்னாங்க. காத்து நல்லாத்தான் இருக்காம். நாங்க குழாய மாட்டி உள்ள வந்துடறோம். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, அப்படியே உக்காருங்க.”

கப்பலையும் நிலையத்தையும் இணைக்கும் அந்தக் குழாய் வழியாக வந்தால் ஹெல்மெட் இல்லாமல் வருவார்கள். சொன்னேன். கத்தினேன். இடையில் இளவழுதி புகுந்து, அவங்க பேச்ச நம்பாதீங்க என்றான். இணைப்பு பாதியில் அறுந்துபோனது.

மார்ச் 14, பிறகு

கதவின் இணைப்பு வளையத்தைச் சுத்தியலால் அடித்து நெளித்துவிட்டேன். இனி எந்தக் குழாயும் பொருந்தாது. உள்ளே வர வேண்டுமானால் வெளியே நடந்து வந்து கதவை அறுத்தாக வேண்டும். நிலவில் நடக்க ஹெல்மெட் போடாமல் முடியாது. நான் சொன்னதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை அவர்களுக்கு.

உடையில் மாட்டிய கடைசி ஆக்சிஜன் உருளையின் எச்சரிக்கை ஒலிக்கிறது.

மார்ச் 14

அறுக்கிறார்கள். சுவர் அதிர்கிறது. சின்னக் கண்ணாடியில் மூன்று ஹெல்மெட் தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன். மூன்று.

துளை விழுந்ததும் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியே கொட்டும். விஷமும் போகும். கீரை போகும். அந்த மொட்டு இன்று விரிந்திருக்கிறது, இரண்டு இலை, நகம் அளவு. அதுவும்

இளவழுதி, அது என்னய்யா செய்தது உங்களை