விளக்கணைத்த கொழும்பில் ஒரு தொலைநோக்கி

கொழும்பு, 1942 பங்குனி

அன்புள்ள மார்கிறட்,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீரும் பிள்ளைகளும் சுகந்தானே? அப்பாவின் இருமல் குறைந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. கந்தோரில் கூட வேலை செய்யும் நண்பர்கள் சேர்ந்து வாங்கிய தொலைநோக்கியில், தெருவிளக்குகளின் வெளிச்சத்தால், இத்தனை வருடமும் சந்திரனைத் தவிர ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. இதை நம்மூர்ப் பெரியகல்லாற்றில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று நான் புலம்பாத நாளில்லை. இப்போது எதிரி விமானக் குண்டுக்குப் பயந்து நகரமே விளக்கை அணைத்துவிட்டது. வானம் நம்மூர் வாவிக்கரையில் போலவே நிறைந்து கிடந்தது. ஆசையோடு குழாயைத் திருப்பினோம். ரோந்து வந்த காவலர், "இதால ஆருக்கு அடையாளம் காட்டுறீங்க?" என்று கேட்டு அதைப் பறித்துக்கொண்டு போனார். யுத்தம் முடிந்தபின் வந்து வாங்கிக்கொள்ளட்டாம். சிரித்துவிட்டோம்.

கொஞ்சம் கருவாடு அனுப்பும். கூடவே நீர் பாவித்த பழைய தலையணை உறை ஒன்றும் வையும். அங்கே மழை உண்டா என்று எழுதும். தெளிந்த வானம்தான் விமானத்துக்கு வசதி என்று அந்தக் காவலர் சொன்னார். லீவு கேட்டேன், தரவில்லை.

தபாலுக்கு நேரமாகிறது. நம்மூர் வானத்தைப் போல் தெளிவான வானம் எங்கும் இல்லை என்று எல்லாரிடமும் பெருமை பேசினவன், இப்போது அதை மேகம் மூடவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வேறென்ன செய்ய?

உமது
இக்னேசியஸ்