தறித்தெருப் பெண்ணின் நாவல்

2009 மார்ச் 11, திருப்பதி

காலையிலிருந்து தலைவலி. சென்னையிலிருந்து ஜெயச்சந்திரன் அனுப்பிய மூன்று நாவல்களையும் படித்தாகிவிட்டது. அவருடைய பதிப்பகத்துக்கு வருவதையெல்லாம் படித்து, போடலாமா வேண்டாமா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மூன்றும் வேண்டாம்.

சலிப்பில் இணையத்தில் எதையோ தேடப் போய் ஒரு வலைப்பூவில் விழுந்தேன். ஒரே எழுத்துப்பிழை. ‘ர’ வரவேண்டிய இடமெல்லாம் ‘ற’. மூடப் போனவள் இந்த வரியில் நின்றுவிட்டேன்: “கரண்ட்டு பூட்டாதான் எங்க தெருவுல மனுசங்க பேசறது கேக்கும்.”

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியின் விசைத்தறித் தெரு. கரண்ட் போனால்தான் அங்கே தறிகளின் இரைச்சல் ஓயும். எழுதியவள் பெயர் தேவசேனா. சாப்பிட மறந்து படித்தேன்.

மார்ச் 13

முழுக்கப் படித்து முடித்தேன். துண்டு துண்டாக எழுதியிருக்கிறாள், ஆனால் இது நாவல். தறியை விற்றுவிட்டு பெங்களூருக்குக் கிளம்பும் ஒரு குடும்பம். அந்த அம்மா! எங்கேயும் நம்மை அழவைக்கப் பார்க்கவில்லை. நான்தான் அழுதேன். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 16

அவளே போன் செய்தாள். பெங்களூரில் டேட்டா என்ட்ரி வேலை. சின்னப் பெண்.

“நான் தெலுங்கு மீடியம்க்கா. தமிழ் கையால எழுத வராது. கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல அடிச்சா தமிழா வந்துச்சி. வீட்ல பேசறத அப்டியே அடிச்சிக்கினு போனேன்.”

“இது ஒரு நாவல், தெரியுமா?”

“அப்டியா?” என்று சிரித்தாள். உண்மையிலேயே தெரியவில்லை அவளுக்கு!

ஏப்ரல் 20

ஜெயச்சந்திரன் படித்துவிட்டார். “பிரமாதம்மா. ஆனா இந்தப் பேச்சு மெட்ராஸ்ல யாருக்குப் புரியும்? தெலுங்கை எடுத்துட்டு, பொதுவா மாத்திக் குடுங்க. அப்பதான் போடுவேன்.”

மாற்ற உட்கார்ந்தேன். புத்தகமாக வந்தால் போதாதா?

மே 2

நான் மாற்றிய இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டு தேவசேனா கூப்பிட்டாள்.

“எங்கம்மா இப்டி பேச மாட்டாங்கக்கா. இது வேற யாரோ பொம்பள. புக்கே வேணாம்.”

வைத்துவிட்டாள். எனக்கும் கோபம். எத்தனை பேர் காத்துக் கிடக்கிறார்கள்… என்ன பொண்ணு இவ!

மே 9

தேவசேனாவின் அப்பா, அவளுடைய நைனா, விழுந்து கையை முறித்துக்கொண்டாராம். எலும்புக் கட்டுப் போடப் புத்தூருக்கு வருவதாக வலைப்பூவில் எழுதியிருந்தாள். பக்கம்தானே, போனேன். வைத்தியர் வாசலில் நீளமான வரிசை. பெஞ்சில் உட்கார்ந்தபடி, நான் கொண்டுபோயிருந்த தாள்களிலிருந்து ஓர் அத்தியாயத்தை அவள் எழுதியபடியே நைனாவுக்குப் படித்துக் காட்டினாள்.

வலியிலும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்கம்மா பேசற மாரியே கீதேடி!”

“நான் மாத்தினதையும் படி” என்றேன். படித்தாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது யாரும்மா? இஸ்கூல் டீச்சரம்மாவா?”

தேவசேனா என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மே 10

ஜெயச்சந்திரனுக்கு எழுதிவிட்டேன். எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறேன், பேச்சில் கைவைக்க மாட்டேன், வேண்டாமென்றால் வேறு பதிப்பகம் பார்க்கிறேன் என்று. அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. என் வேலை இருக்குமா?

மே 14

பதில் இல்லை.

மே 21

“உங்க பிடிவாதத்துக்காகப் போடறேன். கொஞ்சமாத்தான் அச்சடிப்பேன்” என்றார். கொஞ்சம் போதும்.

2010 ஜனவரி 24

பொங்கலுக்கு வந்திருந்த தேவசேனா பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். பஸ்ஸில், சித்தூரில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள், பையிலிருந்து இவளுடைய நாவலை எடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் படித்திருந்தாராம்.

“நான்தான் எழுதினேன்னு சொன்னியா?”

“வாயே வர்லக்கா. ஜன்னல பாக்கற மாரி அவங்களயே பாத்துக்கினு வந்தேன். கோலார் வர்றதுக்குள்ள முடிச்சிட்டாங்க. மடியில வச்சிக்கினு சும்மா இருந்தாங்க. அப்புறம்…”

“அப்புறம்?”

“மறுபடியும் மொதப் பக்கத்த தொறந்தாங்கக்கா.”