அவர் தலைக்குள் ஒரு வாடகை வீடு

2024 மார்ச் 4, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் தாமதம். கொழுந்தன் தேவராஜ் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வழக்கம்போலத் தன் அண்ணனை, என் வீட்டுக்காரரை, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுப் போனார். பருத்திப்பட்டில் இந்த முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. கொழுந்தனும் சரி, அவர் மனைவி குப்பம்மாவும் சரி, ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இந்தக் கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்?

மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது இவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். “அண்ணி, இன்னாத்துக்கு இவ்ளோ பேசினுகீறீங்க? அண்ணனுக்கு இன்னா தெரியப் போவுது?” என்றார் தேவராஜ். கோபமாக இல்லை. என் தொண்டை கட்டியிருப்பதைப் பார்த்துச் சொன்னார்.

இவருக்குக் கண் திறக்கிறது, மூடுகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பைக்கிலிருந்து விழுந்தபோது சேர்த்த ஆஸ்பத்திரியில், “உடம்பு மட்டும்தாம்மா இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்படியென்றால் நான் தினமும் யாரிடம் பேசுகிறேன்?

மார்ச் 13, புதன்

டாக்டர் ஹெலினா என்று ஒருவர் வந்தார். பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஞாபகத்தைப் பற்றி ஆராய்கிறவர். இவரைப் போலப் படுத்திருப்பவர்களைத் தேடித் தேடிப் பார்க்கிறாராம். உள்ளே வந்ததும் முதலில் இவருக்குத்தான் வணக்கம் சொன்னார். “பூபாலன் சார், நான் ஹெலினா.” எனக்கு அதிலேயே கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில்: நாம் நம் வீட்டுக்குள் நடப்பதுபோல நினைத்துப் பார்த்தால், இடங்களை நினைவு வைக்கிற மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். ஸ்கேனில் அது தெரியும். ஓடுவதாக, எறிவதாக நினைத்தால் வேறொரு பகுதி. காது கேட்டு, புரிந்து, சொன்னபடி நினைத்தால்தான் இது நடக்கும்.

“பழகின குரல் வேணும். நீங்கதான் பேசணும்” என்றார்.

பேசுவதா? அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!

மார்ச் 21, வியாழன்

ஸ்கேன் முடிந்தது. வெள்ளானூரில் இவர் கட்டிய எங்கள் வீட்டுக்குள் அழைத்துப் போனேன். கேட், ஹால், சமையலறை, மாடிப்படி என்று மைக்கில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். “நடக்கறதா நெனச்சுக்கோய்யா, நடந்துக்கினே இரு.”

ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே இல்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்று இவரிடம் பேசவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

டாக்டர் போன் செய்தார். “ஹேமாவதி, அந்த வீட்டுக்குக் குடிபோய் எவ்ளோ நாள்ல அடிபட்டது?”

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பெட்டிகளைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை.

தலையில் பலமாக அடிபட்டால் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருட ஞாபகம் அழிந்துபோகலாமாம். கல்யாணமான நாளிலிருந்து எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். கோவில்பதாகை வாடகை வீடு என்றேன்.

நான் எப்பேர்ப்பட்ட முட்டாள். கட்டிய ஞாபகமே இல்லாத வீட்டில் இவரை நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

மறுபடி ஸ்கேன். இந்த முறை கோவில்பதாகை வீடு. மைக்கில் சொன்னேன்: “குனிஞ்சி வாய்யா, நெலையில தல இடிக்கும். லெஃப்ட்ல ஓனரம்மா தண்ணித் தொட்டி. பாசி கீது, பாத்து. அப்படியே உள்ள வா, சைக்கிள இடிச்சிக்காத...”

டாக்டர் திரையைத் தொட்டுக் காட்டினார். சாம்பல் நிற மூளைக்குள் ஓரிடம் மஞ்சளாக எரிந்தது. “ஓய்வெடுங்க” என்றால் அணைந்தது. “நடங்க” என்றால் எரிந்தது. திரும்பத் திரும்ப. பிறகு, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓடி வந்து பவுலிங் போடுவதாக நினைக்கச் சொன்னோம். உச்சியில் வேறோர் இடம் எரிந்தது.

நடக்கிறார். என் புருஷன் எங்கள் பழைய வீட்டுக்குள் நடக்கிறார்!

டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் அழுதார்.

சாயங்காலம் தேவராஜிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷத்துக்கு முன் பயம்தான் வந்தது. கட்டிலருகே மண்டியிட்டார். “அண்ணே... இத்தினி நாளா எல்லாத்தையும் கேட்டுகினா இருந்த?” குப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். இவர் காதுபடவே ‘சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அவருக்கும் நிம்மதி’ என்று சொல்லாதவர்கள் யார்?

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியை இவர் உதட்டில் தொட்டு வைத்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கோவில்பதாகை வீடு காலியாக இருக்கிறது. ஓனரம்மா, “எப்போ வேணா வந்துக்கோ” என்றுவிட்டார். இவருக்குத் தெரிந்த இடம், தெரிந்த சத்தம். இவர் நடக்கிற வீட்டிலேயே இவரைப் படுக்க வைத்துவிடலாம். வெள்ளானூரை வாடகைக்கு விட்டுவிடலாம். தேவராஜுக்கும் அதுவே சரியென்று பட்டது.

டாக்டர் மட்டும் ஒன்று கேட்டார். “பூபாலன் சார்கிட்ட கேட்டீங்களா?”

கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

மே 9, வியாழன்

‘ஆமாம்’ என்றால் வீட்டுக்குள் நடக்க வேண்டும். ‘இல்லை’ என்றால் பவுலிங் போட வேண்டும்.

முதலில் வலிக்கிறதா என்று கேட்டோம். பந்து போட்டார். இல்லை! இந்த ஒன்றுக்காக எத்தனை கோயிலில் வேண்டியிருப்பேன்.

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். “உனக்கு அடிபட்டிச்சிய்யா. அதுக்கு மின்னாடி நீ ஒரு ஊடு கட்டின, வெள்ளானூர்ல. ஒயரிங்லாம் நீயேதான் பண்ண. உனக்கு நாபகம் இல்ல. பரவால்ல. நாம கோவில்பதாகைக்கே பூடலாமா?”

பந்து போட்டார்.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் பந்து.

“அப்போ நீ கட்டின ஊட்டுக்குப் போலாமா?”

மஞ்சளாக எரிந்தது. டாக்டர் உறுதி செய்துகொள்ள இன்னும் இரண்டு முறை கேட்கச் சொன்னார். இரண்டு முறையும் எரிந்தது.

ஞாபகமே இல்லாத வீட்டைப் பார்க்க வேண்டுமாம். கட்டினவருக்கு ஆசை இருக்காதா? எனக்குத்தான் அது தெரியவில்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே அழுதேன். எவ்வளவு நாள் கழித்து நான் சொன்னதை மறுத்துப் பேசியிருக்கிறார்! கடவுளே, உனக்குக் கோடி கும்பிடு.

ஜூன் 16, ஞாயிறு

வெள்ளானூர் வந்துவிட்டோம். தேவராஜ் கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டுக் கொடுத்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைச் சொல்லித் தருகிறேன்: இது அடுப்படி மேடை, நீ சொன்ன உயரம்தான், இது பச்சைக் கதவு. புதிதாகப் பதியவும் செய்யலாம், பார்ப்போம் என்கிறார் டாக்டர். பதியாவிட்டால் மறுநாளும் சொல்வேன். வேறென்ன வேலை எனக்கு?

சாயங்காலம் தேவராஜ் ஹால் விளக்கைப் போடப் போய், மின்விசிறி, வாசல் விளக்கு என்று எதையெதையோ போட்டுப் பார்த்தார். “அண்ணே, இன்னாண்ணே ஒயரிங் இது? ஹால் லைட்டு எதுல கீது?” என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

கேட்டுவிட்டு, சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்காமல் அண்ணன் பதிலுக்குக் காத்து நின்றார். பிறகுதான் அடுத்ததைத் தட்டினார்.