நாஞ்சிங் சாலையில் பைஜாமா

ஷாங்காய்
முழுநிலா விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்

அன்பு மகள் பெய்யூனுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை அப்பாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மெல்பர்னில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனத்தைப் பற்றி இனிமேல்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் மாமா மகள் சின்யீ எழுதுகிறாள், நானே எழுதினால் கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிடும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் வருங்கால மாமியார் விழாவுக்கு வருகிறார், ஓட்டலிலேயே சந்திப்போம், நம் வீட்டுச் சந்துக்குள் கூப்பிடாதே, முக்கியமாகப் பைஜாமாவோடு நாஞ்சிங் சாலைக் கடைவீதிக்கு வந்து நிற்காதே என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அப்பா கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் அதே பைஜாமாவோடுதானே உன் கையைப் பிடித்து அந்தச் சாலையைக் கடந்தேன், அப்போது இந்த வெட்கம் எங்கே போயிருந்தது? அது தூங்குகிற துணி என்று உனக்கு யார் சொன்னது? தூங்கப் பழைய பனியன் போதும். இது பூப்போட்ட நல்ல துணி, இஸ்திரி போட்டு, காலுறையும் தோல் செருப்பும் மாட்டிக்கொண்டு போகிறேன். (இந்த இடத்தில் அத்தை சொன்ன ஒரு சொல்லை நான் எழுதவில்லை, அக்கா. சின்யீ.)

இருந்தாலும் பெற்ற மகள் சொல்கிறாளே என்று நேற்றுக் காலை நீ அனுப்பிய சாம்பல் நிறக் கோட்டையும் ஸ்கர்ட்டையும் போட்டுக்கொண்டு விழாவுக்கென்று சுடுகிற இறைச்சி மூன்கேக் வாங்கப் போனேன். சந்து முனையைத் தாண்டிப் பத்தடி போகவில்லை, ஒருவன் ஓடிவந்து, "அக்கா, வாட்ச் பாக்கறீங்களா, பை பாக்கறீங்களா?" என்றான். இன்னொருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "ஊர்ல போய்க் காட்ட ஒரு படம் எடுத்துக்கங்கம்மா" என்றான். முப்பத்தொரு வருஷமாக நான் நடக்கிற சாலையில்! மூன்கேக் வரிசையில் வழக்கம்போல கோங் அக்கா முக்காலி போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்ததும் ஸ்கர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, "ஏம்மா வெளியூரு, அது எங்க சந்து ஆளு இடம், வரிசை அந்தா அங்க முடியுது, எந்திரி!" என்று விரட்டினார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, நீயா? யாரு செத்துட்டா, இந்தக் கோலத்துல வந்திருக்க?" என்றார். வரிசையே சிரித்தது. நான் மூன்கேக் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அந்தச் சாலைக்கு நாடு முழுவதிலுமிருந்து உடுத்திக்கொண்டு வருகிறார்கள், பெய்யூன். பைஜாமாவோடு வருகிறவளுக்குத்தான் பக்கத்தில் வீடு இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்கிறாயே, உன் மாமியாருக்கு என்னை யாரென்று காட்டப்போகிறாய்?

நாங்கள் ஓட்டலுக்கு வரமாட்டோம். அவரை அழைத்துக்கொண்டு நீ சந்துக்குள் வா. ஏழு குடும்பத்துக்கு ஒரே சமையலறைதான், மாடிப்படி செங்குத்துதான், நான் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்கிறேன். அவருக்கும் ஒரு பைஜாமா வாங்கிவிட்டேன், நீலப் பூ, அளவு தெரியாததால் இடுப்பில் நாடா வைத்தது. சாப்பிட்ட பிறகு சம்பந்திகள் இரண்டு பேரும் போட்டுக்கொண்டு சாலையில் நடப்போம். மாட்டேன் என்றால் அது அவர் வாயால் வரட்டும், உன் வாயால் வேண்டாம்.

கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடக்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் சேர்ந்து வாழுங்கள். குளிர் இன்னும் விடவில்லை என்றாயே, காலை மூடிக்கொண்டு தூங்கு. விமானம் எத்தனை மணிக்கு என்று மறக்காமல் எழுது. உன் பழைய பைஜாமாவையும் துவைத்துவிட்டேன். சந்துக்குக் குறுக்கே மூங்கில் கழியில் எல்லார் தலைக்கும் மேலே காய்கிறது, பார்த்தவர்கள் எல்லாம் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார்கள்.

கோபம் தீராத உன் அம்மா,
ஷென் யூச்சின்