தள்ளினால் ஒன்று, இழுத்தால் ஒன்று

நேற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள். பழைய தோலும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உன் வீட்டு அலமாரியின் அதே வாடை. உள்ளே, நீ மல்லுக்கட்டிய இரண்டு கான்செர்டினாக்களும், கையில் பிடித்துத் துருத்தியை விரித்து மடக்கி வாசிக்கும் அந்தப் பெட்டிகள், இருந்தன. அட்டையும் மாறவில்லை: “சிறிய ஹார்மோனியம் இரண்டு. ஒன்று பழுது, சுரம் மாறுகிறது.” எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

சாலைக் கடைத்தெருவில் நாம் வேலை பார்த்த துணிக்கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் நாம் இருவரும் இங்கே வந்தோம். நான் தந்தச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ இந்த அறுகோணப் பெட்டிகளின் முன்னால் நின்றுவிட்டாய். உன் அப்பா சர்க்கஸில் கோமாளிகள் வரும்போது வாசித்தது இதைத்தான் என்றாய். கட்டைவிரல் நுழைக்க வளையம் இருந்தால், துருத்தியை எப்படி அசைத்தாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். புறங்கைக்குத் தோல்பட்டை இருந்தால் அது வேறு வகை. “தள்ளினா ஒண்ணு, இழுத்தா ஒண்ணு. ரெண்டும் சரிதாண்டீ” என்றாய். ஹார்மோனியம் மட்டுமே பழகிய யாரோ அதைப் பழுது என்று எழுதிவிட்டார்கள்.

அட்டையைத் திருத்தச் சொல்லி மூன்று மனு கொடுத்தாய். மூன்று முறையும், நிபுணர் சொல்லவேண்டும் என்றே பதில் வந்தது. சேலை மடிப்பவளுக்கு என்ன தெரியும் என்று கடையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ கண்மூடிய பிறகு அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. நாலாவது மனு நான் கொடுத்தது.

நேற்று பெட்டியருகே நின்ற அதிகாரிக்கு நம் மகள்கள் வயதிருக்கும். “கேடாய ஹார்மோணியமல்லே சேச்சி?” என்றாள் மலையாளத்தில், பழுதான ஹார்மோனியம்தானே அக்கா என்று.

“கேடொண்ணும் இல்லம்மா. ஒரு பொத்தானை அமுக்கி, ரெண்டு பக்கமும் அசைச்சுப் பாரு.”

தோல்பட்டை வைத்ததைக் கையுறையோடு எடுத்து மெதுவாகத் தள்ளினாள், ஒரு சுரம். இழுத்தாள், இன்னொன்று. அடுத்த பொத்தானிலும் அப்படியே. பழுது இவ்வளவு ஒழுங்காக வருமா என்று கேட்டேன். அவள் பதிவேட்டை எடுத்தாள்.

அடையாளம் கண்டவர் பெயர் கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். தகுதி? துணிக்கடை விற்பனையாளர் என்றேன். பேனா நின்றது. நானும் நகரவில்லை. கடைசியில் எழுதினாள்.

புது அட்டை வரத் தாமதமாகுமாம். ஆகட்டும். வெள்ளிதோறும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கரமனை பஸ் பிடித்தேன். உன் மூன்று மனுக்களின் நகலும் என் கைப்பையிலேயே இருக்கின்றன. அட்டையில் உன் பெயர் விட்டுப்போனால், ஐந்தாவதும் எழுதுவேன்.